தாய்க்கும் குட்டிக்கும் நடுவே

ஆப்பிரிக்க சஃபாரி போய்வந்தவர்களிடம் பேச்சுக்கொடுத்தால் முதலில் கணக்குதான் வரும். எத்தனை சிங்கம் பார்த்தோம், சிறுத்தை மரத்தில் இருந்ததா, காண்டாமிருகம் கண்ணில் பட்டதா. வேட்டையைப் பார்த்தவருக்குக் கூட்டத்தில் தனி மரியாதை. குட்டிகளைப் பற்றிக் கேட்டால் "ஐயோ, அவ்வளவு அழகு!" என்று கைபேசியை நீட்டுவார்கள். படம் நன்றாகத்தான் இருக்கும். நான் கேட்க விரும்புவது அந்தப் படத்துக்கு வெளியே உள்ள ஒன்றை: அந்த நேரத்தில் தாய் எங்கே இருந்தது? ஒட்டி நின்றதா, முந்நூறு மீட்டர் தள்ளிப் புல் மேய்ந்துகொண்டிருந்ததா, அல்லது ஆளையே காணோமா?

விளையாட்டாகக் கேட்கவில்லை. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே உள்ள தூரம் இனத்துக்கு இனம் மாறும். ஒரே இனத்துக்குள் பெரும்பாலும் மாறாது. குட்டி கண் திறந்து பிறக்கிறதா, மூடியா? பிறந்தவுடன் ஓடுமா, கிடந்த இடத்திலேயே கிடக்குமா? பால் எத்தனை மணிக்கு ஒருமுறை? எல்லாமே அந்தத் தூரத்தோடு முடிச்சுப் போட்டவை.

இதைப் பார்க்கத் தோதான மாதம் பிப்ரவரி. இடம், தான்சானியாவில் செரெங்கெட்டிச் சமவெளியின் தென்கோடி. என்டுட்டு ஏரியைச் சுற்றியுள்ள இந்த நிலம் செரெங்கெட்டி தேசியப் பூங்காவும் கொரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியும் சந்திக்கும் எல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் கணுக்கால் உயரப் புல். மரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கிழக்கே இருக்கும் கெரிமாசியும், இன்னும் அடங்காத ஓல் தோய்ன்யோ லெங்காயும் காலங்காலமாகக் கக்கிய எரிமலைச் சாம்பல்தான் இங்கே மண். சாம்பலில் இருந்த சுண்ணாம்புச் சத்தை மழை கரைத்துக் கீழே இறக்க, அது ஒரு கெட்டித் தட்டாக இறுகிவிட்டது. மரத்தின் வேர் அதைத் துளைத்துக்கொண்டு போக முடியாது. புல்லுக்கு மேல்மண்ணே போதும். அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் சோடியமும் தாராளம் என்பதை மெக்நாட்டன் என்ற சூழலியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். பால் சுரக்கும் உடலுக்கு வேண்டிய உப்புகள் அவை. சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்டுகள் மழைக்காலத்தில் வடக்கேயுள்ள ஆற்றோரங்களை விட்டு இந்தப் பொட்டல் வெளிக்கு வந்து ஈனுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இன்னொரு காரணம் நின்று பார்த்தாலே விளங்கும்: இங்கே சிங்கம் ஒளிய இடம் குறைவு.

வில்டபீஸ்ட் அழகான மிருகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாட்டின் கொம்பு, குதிரையின் வால், ஆட்டின் தாடி, போதாததற்கு எப்போதும் எதையோ தொலைத்த முகம். ஆனால் ஒரு பிரசவத்தை முழுதாகப் பார்த்தவர் அதன்பின் அதைக் கிண்டல் செய்ய மாட்டார்.

பெரும்பாலும் காலை நேரத்தில் நடக்கும். மந்தைக்குள்ளேயே ஒரு தாய் படுக்கும், எழும், சுற்றும், மறுபடி படுக்கும். வாலுக்கடியில் வெளுத்த சவ்வுக்குள் இரண்டு முன்னங்கால்கள் தெரியும். அந்த நேரத்தில் தொலைவில் ஒரு கழுதைப்புலி தென்பட்டால் தாய் எழுந்து, நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கால்களோடேயே மந்தையோடு ஓடும். குட்டியின் தலை வெளியே வரும் வரையில் பிரசவத்தை நிறுத்திவைக்க வில்டபீஸ்ட்டால் முடியும். தலை வந்துவிட்டால் பிறகு திரும்ப வழியில்லை. கன்று விழுகிறது. தாய் திரும்பி நக்கத் தொடங்குகிறது. கன்றின் குளம்பு நுனிகளைத் தொலைநோக்கியில் பார்த்தால் மெத்தென்று மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கும். கருப்பையைக் கிழித்துவிடாமல் இருக்க இயற்கை போட்ட உறை. நடந்த சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும். கன்று பின்காலைத் தூக்கும், முன்னங்கால் மண்டியிட்டபடி இருக்கும், தள்ளாடும், மூக்கு மண்ணில் இடிக்கும். மறுபடி. மறுபடி. சராசரியாக ஏழே நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்று ரிச்சர்ட் எஸ்டஸ் எழுதினார். 1960களில் கொரோங்கோரோ எரிமலைக் குழிக்குள் தங்கி, வில்டபீஸ்ட்டின் பிறப்பைக் கடிகாரம் வைத்துக் கவனித்தவர் அவர். நின்ற கன்று சீக்கிரமே ஓடவும் செய்யும். அன்று மாலைக்குள் அது தாயின் விலாவை ஒட்டிக்கொண்டு மந்தையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும்.

தாய்க்கும் கன்றுக்கும் நடுவே இங்கே தூரமே இல்லை. ஒளிய இடமில்லாத வெளியில், நாளொன்றுக்குப் பல கிலோமீட்டர் நகரும் மந்தையில், வேறு வழியும் இல்லை.

ஆனால் ஓடத் தெரிந்த கன்றும் கழுதைப்புலியை விட வேகமாக ஓடாதே? இங்கேதான் மந்தையின் கணக்கு வருகிறது. அந்தப் பருவத்துக் கன்றுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடுகின்றன. கல்யாண வீட்டில் ஒரே நேரத்தில் ஆயிரம் இலை போட்டுவிட்டால், எவ்வளவு பெரிய சாப்பாட்டு ராமனும் ஓர் இலைக்கு மேல் உட்கார முடியாது. மீதி இலைகள் தப்பிக்கும். கழுதைப்புலிகளும் சிங்கங்களும் வயிறு நிறைந்து படுத்துக்கிடக்கும்போதே லட்சக்கணக்கான கன்றுகள் ஆபத்தான முதல் நாட்களைத் தாண்டிவிடுகின்றன. அவசரப்பட்டு முன்கூட்டிப் பிறந்த கன்றுகளும், சிறு கூட்டங்களில் பிறந்தவையும் அதிகம் சாகின்றன என்பதையும் எஸ்டஸ் கண்டார். நேரம் தவறிப் பிறப்பதற்குத் தண்டனை உண்டு. அந்தத் தண்டனைதான் தலைமுறை தலைமுறையாக இந்த ஒழுங்கைக் கூர்தீட்டியிருக்க வேண்டும்.

சரி, இத்தனை லட்சம் தாய்கள் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஈன வேண்டுமானால் எட்டரை மாதம் முன்பு அதே போல இரண்டு மூன்று வாரத்துக்குள் சினைப்பட்டிருக்க வேண்டும். யார் மணி அடித்தது? நிலவின் சுழற்சி என்று ஆந்தனி சின்க்ளேர் 1977இல் சொன்னார். இணைசேரும் பருவம் பௌர்ணமியை ஒட்டி வருவதாக அவர் கண்டார். ஆண்களின் ஓயாத கூச்சல்தான் பெண்களின் உடலை ஒரே தாளத்துக்குக் கொண்டுவருகிறது என்பது எஸ்டஸ் பக்கம் உள்ள வாதம். மே, ஜூனில் அந்தச் சமவெளியில் ஓர் இரவு படுத்தவர்கள் இரண்டாவதை எளிதில் நம்புவார்கள், ஏனென்றால் தூங்கவே முடியாது. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒட்டிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் இருக்கிறது. பிறந்த கன்று எது தாய் என்று அறிந்து பிறப்பதில்லை. நகர்கிற, பெரிதாக இருக்கிற எதையும் பின்தொடரும். முதல் மணிநேரங்களில் தாயின் வாசனையும் குரலும் பதிய வேண்டும். அதற்குள் மந்தை மிரண்டு ஓடிப் பிரிந்துவிட்டால், கன்று எதிர்ப்பட்ட எதன் பின்னாலும் போகும். ஜீப்பின் பின்னால் ஓடிவரும் கன்றுகளை அங்குள்ள ஓட்டுநர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கழுதைப்புலியின் பின்னாலேயே நடந்துபோன கன்றுகளும் உண்டு. வேறொரு தாய் அதை ஏற்காது, முட்டித் துரத்தும். சுற்றுலா வண்டிக்காரர் ஒருவர் நல்ல படத்துக்காக மந்தையின் நடுவே புகுந்து ஓட்டினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதே புல்வெளியில், இதே எதிரிகளுக்கு நடுவே, தாம்சன் கெஸல் நேர் எதிரான வழியைப் பிடித்திருக்கிறது. வெள்ளாட்டை விடச் சற்றுச் சிறிய மான். தாயே இருபது கிலோ எடை தேறுவது கடினம். அதன் குட்டி நரிக்குக்கூட ஒரு வாய்தான். வில்டபீஸ்ட்டாவது கொம்பைக் காட்டி ஒரு கழுதைப்புலியை விரட்டப் பார்க்கும். கெஸலுக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஆகவே குட்டி ஓடுவதில்லை, படுக்கிறது.

பிறந்து பாலைக் குடித்ததும் குட்டி தானாகவே நடந்துபோய் ஒரு புல் திட்டையோ பள்ளத்தையோ தேர்ந்து படுத்துக்கொள்ளும். இடம் பார்ப்பது குட்டியின் பொறுப்பு. தாய் தொலைவிலிருந்து குறித்துக்கொள்வதோடு சரி. கழுத்து தரையோடு, காது முதுகோடு. பிறகு அசைவே இருக்காது. தாய் நூறு, இருநூறு மீட்டர் தள்ளி, எதுவும் நடக்காததுபோல மேய்ந்துகொண்டிருக்கும். ஒருநாளைக்குச் சில தடவை மட்டுமே வரும். வரும்போதும் குட்டி கிடக்கும் இடத்துக்கு நேராக வராது; சற்றுத் தள்ளி நின்று குரல் கொடுக்க, குட்டி எழுந்து ஓடிவரும். பால் கொடுக்கும்போதே தாய் குட்டியின் சிறுநீரையும் சாணத்தையும் நக்கி எடுத்துவிடும். கிடக்குமிடத்தில் வாடை தங்கக்கூடாது. ஏறக்குறைய முதல் இரண்டு வாரம் இப்படித்தான்.

ஃபிரிட்ஸ் வால்தர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் குளம்புள்ள மிருகங்களின் குட்டிகளை, ஒளிந்து வளர்பவை, பின்தொடர்ந்து வளர்பவை என்று இப்படி இரண்டாகப் பிரித்தார். இன்றைக்கும் பாடநூல்களில் நிற்கும் பிரிவு அது. சஃபாரியில் இதைத் தெரிந்துவைத்திருப்பதால் ஒரு நன்மை: ஒற்றைப் பெண் கெஸல் புல்லை மென்றபடி அடிக்கடி ஒரே திசையில் தலையைத் திருப்பினால், அந்தத் திசையில் எங்கோ ஒரு குட்டி கிடக்கிறது என்று ஊகிக்கலாம். சிக்கல் என்னவென்றால் சிவிங்கிப்புலிக்கும் அது தெரியும். செரெங்கெட்டியில் கெஸல் குட்டிகளை ஆராய்ந்த கிளேர் ஃபிட்ஸ்கிப்பனின் குறிப்புகளில், இந்த ஒளிந்துபிடிக்கும் ஆட்டம் இரண்டு பக்கமும் எவ்வளவு நுட்பமானது என்பது தெரியும். நரிகள் இன்னும் தந்திரமானவை. தனி நரி வந்தால் தாய் கெஸல் முட்டி விரட்டிவிடும். இணையாக வந்தால் ஒன்று தாயை இழுத்துக்கொண்டு ஓட, மற்றது குட்டியிடம் போகும்.

வரிக்குதிரைக் குட்டி தாயோடு ஓடுகிற வகை. முதல் சில நாட்கள் தாய் மற்ற குதிரைகளைக் கிட்டவே விடாது. குட்டியின் கண்ணில் தன் வரிகள் பதியட்டும் என்று. ஒட்டகச்சிவிங்கி இரண்டுக்கும் நடுவே. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து பிறக்கும் குட்டி, பல நாட்கள் புதரோரம் கிடந்து, பிறகு மற்றக் குட்டிகளோடு சேரும்.

சிவிங்கிப்புலியிடம் வருவோம். இங்கே தூரம் மீட்டரில் இல்லை.

குட்டிகள் கண் மூடிப் பிறக்கின்றன. மூன்று முதல் ஐந்து வரை. தாய் தனியாள். தகப்பனும் கிடையாது, கூட்டமும் கிடையாது. பால் கொடுக்க வேண்டுமானால் தின்ன வேண்டும். தின்ன வேண்டுமானால் குட்டிகளைப் புல்லுக்குள் விட்டுவிட்டுப் போக வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இடம் மாற்றும். ஏறக்குறைய எட்டு வாரம் வரை இப்படி. 1980களின் இறுதியில் காரன் லாரன்சன் செரெங்கெட்டியில் தாய்களுக்கு ரேடியோ பட்டை மாட்டி, அவை வேட்டைக்குப் போன நேரம் பார்த்து மறைவிடங்களுக்குள் நுழைந்து குட்டிகளை எண்ணி எடைபோட்டார். அவர் கண்ட கணக்கு இன்றும் மனதைக் கலக்கும்: நூறு குட்டி பிறந்தால் தன் காலில் நிற்கும் வயதை எட்டியது ஐந்துகூட இல்லை. செத்தவற்றில் பெரும்பகுதி சிங்கத்தால். சிங்கம் அவற்றைப் பெரும்பாலும் தின்பதுகூட இல்லை, கொன்றுவிட்டுப் போய்விடும்.

இந்த எண்ணைப் பலர் எல்லாச் சிவிங்கிப்புலிகளுக்குமான விதியாகவே எழுதிவிட்டார்கள். அது சரியில்லை. தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் பகிர்ந்துகொள்ளும் கலகாடி வறள்நிலத்தில் மில்ஸ் தம்பதி பின்னாளில் செய்த ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குட்டிகள் பிழைத்தன. அங்கே சிங்கங்களின் அடர்த்தி குறைவு, மறைவிடமும் உண்டு. செரெங்கெட்டியின் திறந்த புல்வெளி சிங்கத்துக்கு மட்டுமில்லாமல் சிவிங்கிப்புலிக் குட்டிக்கும் மறைவு தராத இடம்.

குட்டியின் முதுகில் தலையிலிருந்து வால்வரை வெள்ளி நிறத்தில் நீண்ட முடி சிலிர்த்து நிற்கும். தேன்வளைக்கரடியின் தோற்றத்தை அது நகலெடுக்கிறது என்று ஒரு கருத்து உண்டு. யாரோடும் சண்டைக்கு அஞ்சாத அந்தச் சிறு பிராணியை வேட்டைமிருகங்கள் சீண்டத் தயங்கும் என்பதால். கேட்க நன்றாக இருக்கிறது. வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அது ஊகம்தான். காய்ந்த புல்லோடு நிறம் கலந்துபோவது, காலைக் குளிரைத் தாங்குவது என்று எளிய விளக்கங்களும் இருக்கின்றன. எனக்கு எளியவையே பிடித்திருக்கின்றன.

குட்டிகள் மூன்று மாதத்தை நெருங்கும்போது தாய் செய்யும் ஒரு காரியம், பார்ப்பவர்களைச் சங்கடப்படுத்தும். கெஸல் குட்டியையோ முயலையோ கொல்லாமல் உயிரோடு கவ்விவந்து, குட்டிகளின் முன்னால் விட்டுவிடும். குட்டிகள் துரத்தும், தட்டிவிடும், எங்கே கடிப்பது என்று தெரியாமல் முழிக்கும். இரை எழுந்து ஓடும். தாய் போய்ப் பிடித்துவந்து மறுபடி விடும். டிம் காரோ இதைப் பல ஆண்டுகள் கவனித்து 1994இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதினார். குட்டிகள் தாயை விட்டுப் பிரிவது ஒன்றரை வயதில். பிரிந்தபிறகும் அவற்றுக்கு வேட்டை சரியாக வருவதில்லை. ஆகவே இந்தப் பாடம் எவ்வளவு பலன் தருகிறது என்பது கொஞ்சம் விவாதத்துக்குரியது.

இந்தத் தாயைச் சுற்றித்தான் வண்டிகள் கூடுகின்றன. பகலில் வேட்டையாடும், வெட்டவெளியில் திரியும், கூச்சம் குறைந்த பூனை. கூடவே பஞ்சுருண்டையாகக் குட்டிகள். ரேடியோவில் ஒரு வார்த்தை போனால் அரைமணியில் முப்பது வண்டி. கென்யாவின் மசாய் மாராவில் ஃபெம்கே பிருக்ஹாய்ஸ் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விலை எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தது. சுற்றுலா வண்டிகள் குறைவாக உள்ள பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் நெருக்கும் பகுதியில் 0.2. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குட்டிகளை வண்டி ஏற்றிக் கொன்றார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பதுங்கிப்போகும் தாயின் குறுக்கே வண்டி வருகிறது, கெஸல் உஷாராகிறது, வேட்டை கைநழுவுகிறது. கிடைத்த இரையைக்கூடக் கூட்டத்துக்கு நடுவே அவசரமாகத் தின்ன வேண்டியிருக்கிறது. வண்டி இரைச்சலில் குட்டிகள் சிதறுகின்றன. ஒன்றொன்றும் சின்னத் தொந்தரவுதான். குறுக்கே நின்ற ஒவ்வொரு வண்டியிலும் விலங்குகளை நேசிப்பவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சிங்கக் குட்டிகளைப் பார்க்கும்போது பலருக்கும் கூட்டுக்குடும்ப நினைப்பு வந்துவிடும். உண்மையில் தாய்ச்சிங்கம் முதல் ஆறு வாரம் போல, குட்டிகளைக் கூட்டத்திலிருந்தே மறைத்து வைத்திருக்கும். பிறகுதான் கொண்டுவந்து சேர்க்கும். ஒரே காலத்தில் ஈன்ற பெண்சிங்கங்கள் குட்டிகளை ஒன்றாகப் போட்டு வளர்க்கும். ஒன்றின் பாலை மற்றதன் குட்டியும் குடிக்கும். பெருந்தன்மை என்று நினைத்திருந்தோம். கிரேக் பேக்கரும் ஆன் பியூசியும் செரெங்கெட்டிக் கூட்டங்களைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்தபோது, அடுத்தவள் குட்டி பால் குடிப்பது பெரும்பாலும் தாய் தூங்கும்போது என்று தெரியவந்தது. விழித்திருந்தால் உறுமித் தள்ளிவிடும்.

பிறகு ஏன் ஒன்றாக வளர்க்க வேண்டும்? வேட்டைக்காக என்றால் கணக்கு ஒத்துவரவில்லை. விடை புதிதாக வரும் ஆண்சிங்கங்களில் இருக்கிறது. ஒரு கூட்டத்தை ஆளும் ஆண்கள் சாதாரணமாக இரண்டு மூன்று வருடத்தில் விரட்டப்படுகிறார்கள். வந்த புதியவர்கள் கைக்குட்டிகளைக் கொல்கிறார்கள். குட்டி இல்லாத தாய் சீக்கிரமே மறுபடி சினைப்படும், இல்லாவிட்டால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். தாய்கள் தனித்தனியாக நின்றால் தோற்கும். சேர்ந்து நின்றால் பல நேரம் விரட்டிவிடும். அந்நிய ஆணின் கர்ஜனையை ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தபோது குட்டியுள்ள பெண்சிங்கங்கள் அடையாளம் கண்டு பதறின. தங்கள் ஆணின் குரலுக்கு அந்தப் பதற்றம் இல்லை. குட்டிக்கொலை சிங்கத்தின் தனிக் குணமும் இல்லை. கர்நாடகத்தின் தார்வாட் காடுகளில் அனுமன் குரங்குகளிடம் இதையே 1960களின் தொடக்கத்தில் ஜப்பானியரான யுகிமாரு சுகியாமா கண்டு எழுதினார். அப்போது பலர் நம்பவில்லை. நெருக்கடியில் குரங்குக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள்.

சஃபாரியில் எனக்குப் பிடித்த நேரம் எது என்று கேட்டால், விடியலில் கழுதைப்புலி வளைக்கு எதிரே எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்வது என்பேன். கூட வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். புள்ளிக் கழுதைப்புலி பிறர் மிச்சத்தைத் தின்னும் ஈனப்பிறவி என்ற எண்ணத்தை ஹான்ஸ் குரூக் 1972லேயே உடைத்துவிட்டார். தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது, பல இடங்களில் சிங்கம்தான் அதனிடம் பறிக்கிறது. செய்தி இன்னும் ஜீப்புகளை எட்டவில்லை.

வளையிலிருந்து முதலில் ஒரு கருப்பு மூக்கு. பிறகு ஒரு தலை. குட்டிகள் புள்ளியே இல்லாமல் கரேலென்று இருக்கும். வண்டி அசையாமல் நின்றால் ஒன்று தைரியமாக வந்து டயரை முகரும். அடுத்தது கடித்தே பார்க்கும். நாய்க்குட்டி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வேட்டைவிலங்குகளில் இப்படிப் பிறப்பவை அரிது: கண் திறந்திருக்கும், முன்பற்களும் கோரைப்பற்களும் முளைத்திருக்கும். பெரும்பாலும் இரட்டை. பிறந்த அன்றே இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குலுக்கத் தொடங்கும். யார் மேல், யார் கீழ் என்பது சில நாட்களில் தீர்ந்துவிடும். வளையின் உட்குழாய்களைக் குட்டிகளே தோண்டிக்கொள்கின்றன. அவை அவ்வளவு குறுகல் என்பதால் சிங்கம் என்ன, சொந்தத் தாயே உள்ளே போக முடியாது. தாய் வாசலில் படுத்துக் குரல் கொடுக்கும்.

தாய் அங்கே இருந்தால்தானே? வில்டபீஸ்ட் மந்தை எங்கே போகிறதோ அங்கேதான் தீனி. வளையோ நிலையாக ஒரே இடத்தில். செரெங்கெட்டியில் ஹெரிபர்ட் ஹோஃபரும் மேரியன் ஈஸ்ட்டும் இதைத் தொடர்ந்து கவனித்தார்கள். பால் கொடுக்கும் தாய் நாற்பது கிலோமீட்டர், சிலசமயம் அதற்கும் மேல் நடந்துபோய்த் தின்று, மறுபடி அத்தனையும் நடந்து வரும். குட்டிகள் நாள்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். அப்படிக் காத்திருப்பதால்தான் பாலும் வேறு மாதிரி: புரதமும் கொழுப்பும் மிகுந்த, நிலத்து ஊனுண்ணிகளிலேயே கெட்டியான பால்களில் ஒன்று. ஒரு வயதைத் தாண்டியும் குடிக்கும். பிறரின் குட்டிக்கு ஒரு சொட்டு கிடையாது, கொடுத்துக் கட்டுப்படியாகாது. கூட்டத்தில் தாயின் தகுதி உயர்ந்ததாக இருந்தால் அருகிலுள்ள இரையில் முதல் உரிமை அதற்கு, தூரப்பயணம் குறையும், குட்டி சீக்கிரம் வளரும். அந்தத் தகுதி மகளுக்கும் போகும். மசாய் மாராவில் 1988 முதல் கே ஹோல்காம்ப் தலைமுறைகளைப் பின்தொடர்ந்து பதிவுசெய்துவருவது இந்த வாரிசுரிமையைத்தான்.

யானையில் எல்லாம் தலைகீழ். 22 மாதம் சுமந்து பெற்ற நூறு கிலோ கன்று தாயின் வயிற்றுக்கடியில் நடக்கிறது. இன்னும் அடிவயிற்றில் முதுகு இடிக்காமல் நுழைகிறதென்றால் ஒரு வயது ஆகவில்லை என்று வழிகாட்டிகள் அடையாளம் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும். தும்பிக்கையை என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. ஆட்டும், மிதிக்கும், வாயில் வைத்துச் சப்பும். தண்ணீர் குடிக்க மண்டியிட்டு வாயை நேராக வைக்கும். தாயின் சாணத்தைத் தின்னும். புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அப்படித்தான் அதன் குடலுக்கு வருகின்றன. தடுக்கி விழுந்து கத்தினால் முதலில் ஓடிவருவது பலநேரம் தாயாக இருக்காது. எட்டு, பத்து வயதுப் பெண்யானைகள், அக்காவோ சித்தி மகளோ, முந்திக்கொள்ளும். கென்யாவின் அம்போசெலியில் 1972இல் சிந்தியா மாஸ் தொடங்கிய ஆய்வில் சேர்ந்த ஃபிலிஸ் லீ, இப்படிப்பட்ட வளர்ப்புத்தாய்கள் அதிகமுள்ள குடும்பங்களில் கன்றுகள் கூடுதலாகப் பிழைப்பதைக் காட்டினார்.

இத்தனை பேர் சூழ நிற்கும் கன்றை வேட்டைமிருகம் நெருங்குவது கடினம். அதைக் கொல்வது வறட்சி. தான்சானியாவின் தராங்கிரே பூங்காவில் 1993இல் கடும் வறட்சி வந்தபோது சார்லஸ் ஃபோலியின் குழு கவனித்துவந்த 81 கன்றுகளில் ஒன்பது மாதத்தில் 16 இறந்தன. சாதாரண காலத்தில் நூறுக்கு இரண்டுதான் இறக்கும். ஆனால் எல்லாக் குடும்பங்களிலும் ஒரே மாதிரி இல்லை. பூங்காவை விட்டு வெளியேறி வேறிடம் தேடிப்போன குடும்பங்கள் கூடுதலான கன்றுகளைக் காப்பாற்றிக்கொண்டன. அங்கேயே தங்கியவை அதிகம் இழந்தன. போனவற்றை நடத்தியவை வயதான பெண்யானைகள். 1958 முதல் 1961 வரை அந்த வட்டாரத்தில் நிலவிய கொடிய வறட்சியைக் குட்டியாகவோ இளவயதிலோ அவை பார்த்திருக்கக்கூடும்; எங்கே தண்ணீர் எஞ்சியது என்பது நினைவிருந்திருக்கலாம் என்பது ஃபோலியின் விளக்கம். தங்கிவிட்ட கூட்டத்தில் அந்த வயதில் பாட்டிகளே அதிகம் இல்லை. 1970களிலும் 80களிலும் தந்தத்துக்காகச் சுட்டவர்கள் பெரிய தந்தமுள்ளவற்றைத் தேடித்தேடிச் சுட்டிருந்தார்கள். யானைக்கு வயது ஏற ஏறத் தந்தமும் வளரும்.